பெருமாளுக்கு ஒரு மூங்கில் வில்

ஸ்ரீராமபிரானைச் சேவிக்கும்போது நம் கண்கள் முதலில் திருமுகத்திலும், பிறகு திருவடிகளிலும் நிலைத்துவிடுகின்றன. இடத் திருக்கரத்தில் விளங்கும் வில்லைத் தனியே உற்று நோக்குவோர் குறைவு. சோழர் காலத்து ராமர் செப்புத் திருமேனிகள் பலவற்றில் வில், திருமேனியோடு சேர்த்து வார்க்கப்படவில்லை. விரல்கள் மட்டும் வில்லைப் பற்றிய பாவனையில் மடங்கியிருக்கும். வில்லைத் தனியே செய்து அணிவிப்பார்கள். திரிபுரம் எரித்த சிவபெருமானின் செப்புத் திருமேனிகளும் அவ்வாறே. வில் காலப்போக்கில் மறைந்து, பற்றிய விரல்கள் மட்டும் எஞ்சி நிற்கும் அத்தகைய திருமேனிகளைத் தஞ்சைக் கலைக்கூடத்திலும் சென்னை அருங்காட்சியகத்திலும் இன்றும் காணலாம்.

ஆக, இறைவன் திருக்கரத்து வில்லை யாரோ ஒருவர் தனியே செய்து கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு அந்தக் கைங்கரியத்தை 30 ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்து வந்தவர் கல்வராயன் மலையைச் சேர்ந்த ஒரு பெரியவர். அவரிடம் என் 68ஆம் வயதில் வில் செய்யக் கற்றுக்கொண்ட அனுபவத்தையே இங்கே அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, மலைத்தொடர் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கிறது. விஜயதசமி மாலையில் பெருமாள் குதிரை வாகனத்தில் எழுந்தருளி, ஊர் எல்லையில் உள்ள வன்னி மரத்தடியில் அம்பு எய்வது இங்கே பெரிய வைபவம். பாண்டவர்கள் அஞ்ஞாதவாசத்தின்போது தம் ஆயுதங்களை வன்னி மரத்தில் மறைத்து வைத்து, காலம் நிறைந்தபின் மீட்டுக்கொண்டார்கள் என்ற விராட பருவக் கதையை ஒட்டிய வழக்கம் இது. தமிழகத்தில் பல கோயில்களில் இன்றும் நடைபெற்று வருகிறது. பெருமாளின் சார்பில் அர்ச்சகர் வில்லேந்தி நான்கு திசைகளிலும் அம்பு விடுவார். அந்த அம்பைக் கண்டெடுத்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் நெல் குதிரில் செருகி வைப்பது எங்கள் ஊர் வழக்கம்.

பெரியவருக்கும் எங்கள் பெருமாளுக்கும் உறவு ஏற்பட்டதே ஒரு நவராத்திரியில்தான். அவருடைய மகனுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டு, கள்ளக்குறிச்சியில் மருத்துவம் பார்த்துப் பிழைத்தெழுந்தான். மலைக்குத் திரும்பும் வழியில் எங்கள் ஊரில் இறங்கி உற்சவத்தைச் சேவித்திருக்கிறார். அன்று அர்ச்சகர் கையிலிருந்தது காய்ந்த குச்சியில் கயிறு கட்டிய ஒரு பொருள். அம்பு நான்கடி தள்ளி விழுந்தது. “சாமி கையில் இருந்து போகிற அம்பு இப்படி விழலாமா? அடுத்த வருஷம் நான் வில் கொண்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனவர், சொன்னபடியே மகாளய அமாவாசைக்கு முன்பாக ஒரு மூங்கில் வில்லோடு வந்து நின்றார். அன்று தொடங்கி ஆண்டு தவறியதில்லை. கூலி என்று ஒரு காசு வாங்கியதில்லை. ஒரு துண்டும் பிரசாதத் தேங்காயும் பெற்றுக்கொண்டு பேருந்து ஏறிவிடுவார்.

பிறகு அவருக்குக் கண் அழுத்த நோய் வந்தது. பார்வை மெல்ல மங்கி, நிழலாட்டம் மட்டுமே தெரியும் நிலைக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் வேலை தேடிக் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள். இரண்டு ஆண்டுகள் வில் வரவில்லை. வண்ணம் பூசிய பிரம்பைக் கொண்டு உற்சவத்தை நடத்தி முடித்தோம்.

மூன்றாம் ஆண்டு கோயில் கூட்டத்தில் இது பேச்சுக்கு வந்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் உலகறிந்தது. 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. நல்ல தேக்கில் ஒரு வில் செதுக்கி வாங்கிவிடலாம் என்றார்கள். சிற்பியிடம் கேட்டோம். அவர் நேர்மையானவர். “அழகான வில் உருவம் செய்து தருகிறேன். யாளி முகமும் வைத்துத் தருகிறேன். ஆனால் நாண் ஏற்றி இழுக்காதீர்கள். பலகையை வளைவாக அறுக்கும்போது மரத்தின் நார் குறுக்கே அறுபட்டுப் போகும், இழுத்தால் அந்த இடத்தில் முறியும்” என்றார். பழந்தமிழில் சிலை என்ற சொல்லுக்கே வில் என்று ஒரு பொருள் உண்டு. வில் செய்ய உதவிய ஒரு மரத்திற்கும் அதுவே பெயர். ஆனால் எங்களுக்கு வேண்டியது வில்லின் சிலை அன்று, வில்.

பணிக் காலத்தில் சில ஆண்டுகள் நான் மலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தவன். பெரியவரின் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். எனவே போய்ப் பார்த்து வரும் பொறுப்பு எனக்கு வந்தது. சித்திரை மாதம் ஒரு காலையில் புறப்பட்டேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டினால் மலைப்பாதை தொடங்கிவிடும். வளைவுகளில் ஏறி வெள்ளிமலையை அடைகிறோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இந்தக் கல்வராயன் மலை ஏறக்குறைய 2000 முதல் 3000 அடி உயரம் உடையது. சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் மண். கடுக்காய்க்குப் பேர்போன காடு. இங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்றே பெயர். கேரளத்தோடு தொடர்பில்லை, தமிழே அவர்கள் தாய்மொழி. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் மலையேறி வந்தார்கள், அவர்கள் வழிவந்தவர்களே தாங்கள் என்பது இவர்களது மரபுக்கதை. இவர்கள் போற்றும் தெய்வங்களுள் ஒருவர் கரிராமன். வில்லேந்திய பெருமானின் திருநாமம் மலைமேல் காலங்காலமாக ஒலித்து வருகிறது.

பெரியவர் வாசலில் அமர்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும், “வாத்தியாரய்யாவா?” என்றார். வந்த காரியத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய், அடுப்புக்கு மேலிருந்த பரணைத் தடவி, மூன்று மூங்கில் பிளாச்சுகளை எடுத்து வந்தார். “பார்வை இருந்தபோது பார்த்து வெட்டிய கடைசி மூங்கில். கோயிலுக்கு என்று வைத்தேன். இதைவிட்டால் பதமான மூங்கில் கைவசம் இல்லை” என்றார். மூன்றில் ஒன்றைத் தட்டினார். வெள்ளை மாவு உதிர்ந்தது. உளுத்துவிட்டது. மிஞ்சியவை இரண்டு.

“அண்ணே, நீங்கள் சொல்லிக் கொடுத்தால் நான் செய்கிறேன்” என்றேன். “உங்கள் கண், என் விரல். பார்க்கலாம்” என்று அன்றே என்னோடு புறப்பட்டு இறங்கி வந்துவிட்டார். எங்கள் வீட்டுத் திண்ணையில் எட்டு நாள் தங்கினார். சேலத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தியும் மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டாள். அவளுக்கு 13 வயது.

திண்ணனார் முதன்முதலில் வில் பிடித்த நாளை வேடர் குலம் பெருவிழாவாகக் கொண்டாடியதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். எங்களுக்கு ஒரு வெற்றிலையும் ஒரு கட்டிச் சூடமும் போதுமானவையாக இருந்தன.

முதல் பாடம் மூங்கிலைப் பற்றியது. எல்லா மூங்கிலும் வில்லாகாது. உள்ளே குழல் சிறுத்து, சுவர் தடித்த கல்மூங்கிலே தக்கது. மூன்று வயது கடந்திருக்க வேண்டும். இளமூங்கில் நீர் வற்றும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பது பெரியோர் வழக்கு. வெட்டியதைப் பிளந்து, நிழலிலும் அடுப்புப் புகையிலும் மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். காப்புக்காட்டில் அனுமதியின்றி வெட்டுவது குற்றம் என்பதால் தம் பட்டா நிலத்துப் புதரில் வளர்ந்ததையே பெரியவர் பயன்படுத்தி வந்தார்.

இரண்டாம் பாடம், எந்தப் பக்கத்தைத் தொடலாம் என்பது. மூங்கிலின் வெளித்தோல் வழவழப்பாக இருக்கிறதே, அதனடியில்தான் நார்கள் நெருங்கி அடர்ந்திருக்கின்றன. வில்லை இழுக்கும்போது வெளிப்புறம் நீட்டப்படுகிறது. நம்மை நோக்கிய உட்புறம் அழுத்தப்படுகிறது. நீளும் வேதனையைத் தாங்குவது அந்த வெளிநார். எனவே வெளித்தோலில் கத்தி படவே கூடாது. கணுக்களின் மேட்டை அழகு கருதிச் சீவிவிடவும் கூடாது. செதுக்குவதெல்லாம் உட்புறத்தில்தான்.

நேராகப் பெருமாள் வில்லில் கை வைக்கப் பெரியவர் விடவில்லை. முதல் பிளாச்சில் மூன்றடி நீளத்திற்கு ஓர் உண்டைவில் செய்யச் சொன்னார். அம்புக்குப் பதிலாக மண் உருண்டையை எறியும் சிறிய வில் அது. சிறுவனாக இருந்தபோது தினைப் புனத்தில் கிளி ஓட்டுவதற்காக அவர் செய்ததும் அதுதான். ராமபிரான் இளம் பருவத்தில் கூனியின் முதுகில் உண்டை எறிந்து விளையாடியதைத் திருமழிசையாழ்வார் திருச்சந்தவிருத்தத்தில் பாடியிருக்கிறாரே, அந்த வில்தான் என்று சொன்னேன். பெரியவர் சிரித்தார். “அப்போது சாமியும் சின்ன வில்லில்தான் தொடங்கியிருக்கிறார்” என்றார்.

உண்டைவில்லில் மூன்று நாள் கை பழகியது. நான்காம் நாள் எஞ்சிய பிளாச்சை எடுத்தோம். நீளம் ஐந்தடி. நடுவில் பிடிக்கும் இடம் ஒன்றரை அங்குல அகலம். இரு நுனிகளும் அரை அங்குலமாகக் குறுகிச் செல்ல வேண்டும். நடுவைக் கட்டை விரல் தடிமனுக்கு விட்டுவிட்டு, இரு கைகளையும், வில்லின் இரு பாதிகளுக்கும் கை என்றே பெயர், கொடுவாளால் முதலில் மெலிதாக்கினேன். பிறகு இழைப்புளி. கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுதல். சில்லு எடுக்கும் துகள் பஞ்சு போல மெல்லியது.

அடுத்து வந்ததுதான் இந்தக் கலையின் உயிர்நாடி. மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரியால் குறுக்குக் கோடுகள் போட்டோம். சுவரில் ஒரு முளையடித்து வில்லின் நடுவை அதில் பொருத்தினோம். தளர்வான கயிற்றை இரு நுனிகளிலும் பூட்டி, கீழே ஒரு கப்பி வழியாக இழுக்க வசதி செய்தோம். பேத்தி கயிற்றை இழுப்பாள். நான் பத்தடி தள்ளி நின்று இரு கைகளும் ஒரே அளவில் வளைகின்றனவா என்று கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். பெரியவர் வில்லின் மீது விரல்களை ஓட்டியபடி நிற்பார். ஒருவர் இழுக்க, ஒருவர் பார்க்க, ஒருவர் தொட்டுச் சொல்ல, மூவர் சேர்ந்து ஒரு வில்.

ஒரே நாளில் முழுதும் இழுத்துவிடக் கூடாது. முதலில் நான்கு விரற்கடை. இருபது முறை இழுத்துத் தளர்த்திய பிறகு மேலும் இரண்டு விரற்கடை. மூங்கில் ஒவ்வோர் அளவுக்கும் பழக வேண்டும். “ராமர் இழுத்தார், சனகர் வில் ஒடிந்தது, சீதையம்மா கிடைத்தார். நாம் இழுத்து ஒடிந்தால் ஒன்றும் கிடைக்காது” என்றார் பெரியவர். பேத்தி அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஐந்தாம் நாள் மாலை, இடக்கையின் நடுவில் ஓர் இடம் அதிகமாக மடங்குவதைக் கண்டேன். அதைச் சொன்னேன். பெரியவர் அந்த இடத்தைத் தொடவே இல்லை. அதற்கு ஒரு சாண் தள்ளி, அசையாமல் நேராக நின்ற பகுதியில் விரலை வைத்தார். “குற்றம் இங்கே. இது வளைய மாட்டேன் என்கிறது. இதன் பங்கையும் சேர்த்து அது வளைகிறது. விட்டால் அதுதான் ஒடியும். பார்ப்பவர்கள் அது பலவீனம் என்பார்கள். இதைச் சுரண்டுங்கள். அதைத் தொடாதீர்கள், இருப்பதும் போய்விடும்” என்றார்.

நான் சில்லை எடுத்தேன். பத்துச் சுரண்டல், பிறகு இழுப்பு, பிறகு பார்வை. மறுபடி பத்து. எடுத்த மூங்கிலை மீண்டும் ஒட்ட முடியாது. வேறு பிளாச்சும் இல்லை. ஒவ்வொரு சுரண்டலுக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த நேரான இடம் மெல்ல இளகி வளைந்தது. அதிகமாக மடங்கிக்கொண்டிருந்த இடம் தானே நிமிர்ந்தது. அதன்மேல் என் கை படவே இல்லை.

அன்றிரவு திண்ணையில் படுத்திருந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் பெரியவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கோயிலில் வில்லுக்காக 30 ஆண்டுகள் வளைந்தவர் அந்த ஒருவர்தான் என்ற எண்ணம் வந்தது. மூங்கில் வெட்டியதும், உலர்த்தியதும், பேருந்துக் கட்டணம் கொடுத்துக் கொண்டுவந்து சேர்த்ததும் அவரே. ஊரெல்லாம் நேராக நின்று கைகூப்பிக்கொண்டிருந்தது. அவர் பார்வை போனதும் வைபவமே முறிந்துவிட்டது. இதில் பக்திக்குக் குறைவில்லை. பங்கு பிரியவில்லை, அவ்வளவே. பல குடும்பங்களிலும் இப்படி ஒருவர் இருப்பார். அனைவருடைய சுமைக்கும் சேர்த்து அவர் மடங்கிக்கொண்டிருப்பார். அவர் தளரும் நாளில் அவருக்குத்தான் பலவீனம் என்று பெயர் வரும்.

ஆறாம் நாள் நாண் திரித்தோம். மலைச்சரிவில் மருள் என்றொரு செடி உண்டு. கத்தி போல நீண்ட, சதைப்பற்றுள்ள இலைகள். இலையைக் கல்லில் தட்டி, சதையை வழித்து, நாரை அலசி உலர்த்தித் தொடையில் வைத்துத் திரிக்க வேண்டும். மூர்வை என்று வடநூல்கள் கூறுவது இதையே என்பர். வில்லின் நாணை மௌர்வீ என்று அழைப்பதும், உபநயனத்தில் க்ஷத்திரியச் சிறுவனுக்கு மூர்வை நாரால் ஆன மேகலையை மனுநூல் விதிப்பதும் இதனால்தான். மூன்று புரிகளாகத் திரித்துத் தேன்மெழுகு பூசினோம். நாண் ஏற்றினால், பிடிக்கும் இடத்திற்கும் நாணுக்கும் இடைவெளி, முட்டி பிடித்துக் கட்டைவிரலை நிமிர்த்திய அளவு இருக்க வேண்டும். அம்புகளுக்குக் கோமுகி ஆற்றங்கரை நாணலை அறுத்து, தணலில் காட்டி நேராக்கினோம். கூட்டத்தில் யாருக்கும் காயம் நேராதபடி கூர்முனை வைக்காமல், மஞ்சள் துணி சுற்றிய மொட்டை முனை வைத்தோம்.

வில் கைக்கு வந்ததும் பேத்தி ஆசையாக நாணை இழுத்தாள். அம்பு தொடுக்கவில்லை. பெரியவர் அந்த ஓசையின்மையை எப்படித்தான் அறிந்தாரோ, “பாப்பா, விட்டுவிடாதே! மெல்லத் தளர்த்து” என்றார். அம்பு இல்லாமல் நாணை விட்டால், அம்போடு போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பி அதைப் பிளந்துவிடும். பரசுராமர் கொடுத்த வில்லில் அம்பு தொடுத்த ராமபிரான், இந்த அம்பு வீண்போகாது, இதற்கு இலக்கு எது என்று கேட்டதும், பரசுராமர் தம் தவப்பயனையே இலக்காகத் தந்ததும் என் நினைவுக்கு வந்தன. எழுந்த விசைக்கு ஒரு போக்கிடம் வேண்டும் என்பதை வில் செய்தவர்கள் கையால் அறிந்திருக்கிறார்கள்.

எட்டாம் நாள் வேப்பெண்ணெய் தடவி, நாண் இறக்கி, துணியில் சுற்றிப் பெருமாள் சந்நிதியில் வைத்தோம். “நாண் ஏற்றியபடியே வைத்தால் வில் வளைவுக்குப் பழகிச் சோம்பிப்போகும். வேலை முடிந்தால் இறக்கிவிட வேண்டும். அதற்கும் ஓய்வு வேண்டும் அல்லவா?” என்று சொல்லிவிட்டு அவர் மலைக்குப் பேருந்து ஏறினார்.

விஜயதசமியன்று மாலை பெருமாள் வெண்குதிரையில் எழுந்தருளினார். பெரியவரை வன்னி மரத்துக்கு எதிரே நாற்காலியில் அமர்த்தியிருந்தோம். அர்ச்சகர் மந்திரம் சொல்லி, கிழக்கு நோக்கி நாணை இழுத்தார். மேளம் நின்றது. நாண் ஒலித்தது. அம்பு வன்னி மரத்தின் உச்சியைக் கடந்து, அறுவடைக்கு நின்ற வயலில் போய் விழுந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். “கோவிந்தா” என்ற முழக்கம் அடங்கியதும் நான் பெரியவர் பக்கம் குனிந்து, “அண்ணே, உச்சியைத் தாண்டிப் போயிற்று” என்றேன். “தெரியும். நாண் சொல்லிற்று. இரண்டு கையும் ஒரே குரலில் பேசின” என்றார்.

அடுத்த ஆண்டுக்கான மூங்கில் தை மாதத் தேய்பிறையில் வெட்டப்பட்டு, இப்போது எங்கள் வீட்டுப் பரணில் உலர்ந்துகொண்டிருக்கிறது. இம்முறை ஆறு பிளாச்சுகள். அர்ச்சகரின் மகனும், அந்த மரச்சிற்பியின் பயிற்சி மாணவன் ஒருவனும் சித்திரையில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேத்தி நாண் திரிக்க வருகிறாள். பெரியவர் திண்ணையில் அமர்ந்து விரலால் தொட்டுச் சொன்னால் போதும்.

அன்பர்களே, உங்கள் ஊர்க் கோயிலிலும் தீவட்டி சுற்றுபவர், திருக்குடை தைப்பவர், கொடிக்கயிறு திரிப்பவர், வடம் பிடிக்கும் தேருக்கு முட்டுக்கட்டை செதுக்குபவர் என்று யாரேனும் ஒருவர் தனித்து வளைந்துகொண்டிருப்பார். அடுத்த முறை கோயிலுக்குச் செல்லும்போது அவர் யார் என்று கேட்டறியுங்கள். அவருக்குப் பார்வை இருக்கும்போதே, உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவனை அவர் அருகில் உட்காரச் சொல்லுங்கள்.